இதால உனக்கென்ன வருது?

தொண்டு வேலை செய்பவர்களிடம் எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இதால உனக்கென்ன வருது?" கேட்பவர் கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்பார். மற்றவருக்கு முகம் சுருங்கிவிடும். "ஒண்டும் வராது, சும்மா ஒரு சேவைதான்" என்று சொல்லிச் சமாளிப்பார். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். ஒன்றுமே வராமல் தொடர்ந்து வந்த ஒரு தொண்டரை நான் இதுவரை கண்டதில்லை. வெய்யிலுக்குள் சைக்கிள் மிதித்து, வீட்டில் பேச்சும் வாங்கிக்கொண்டு ஒருவர் அடுத்த கிழமையும் வருகிறார் என்றால் அவருக்கு ஏதோ கிடைக்கிறது என்றுதான் அர்த்தம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ35 வீதியோரமாக எங்கள் ஊர். நான் தொண்டர் ஆசிரியையாக இருந்திருக்கிறேன், வெள்ள நிவாரண வேலைக்கு நின்றிருக்கிறேன், இப்போது இன்னும் சிலரோடு சேர்ந்து சனசமூக நிலையத்தில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். இவற்றால் எனக்கு வந்தவை: ஊரில் ஒரு பெயர், கந்தோர்களில் நாலு பேரின் பழக்கம், அடுப்படியிலிருந்து ஒரு சின்ன விடுதலை, "டீச்சர்" என்று கூப்பிடக் கேட்கிற சந்தோசம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? எனக்கு வருவதற்கு விலை கொடுப்பது யார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். என் நேரத்தாலும் உடம்பாலும் நானே கொடுத்தால் சரி. உதவி வாங்க வந்தவர் தன் முகத்தாலும் மரியாதையாலும் கொடுக்க வேண்டி வந்தால், அங்கேதான் பிழை தொடங்குகிறது.

இதை நான் முதலில் கண்டது மெனிக் பாமில். 2009இல் போரின் கடைசியில் வன்னியிலிருந்து வெளியேறிய 3 லட்சத்துக்குக் கிட்டிய சனத்தில் பெரும்பகுதி செட்டிகுளத்தில் இருந்த அந்த முகாம்களில்தான் அடைபட்டிருந்தது. நாங்கள் இராமநாதன் முகாமில். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, கக்கூசுக்கும் வரிசை. மிச்ச நேரம் தறப்பாளுக்குக் கீழே அவிந்துகொண்டு இருக்க வேண்டும். எங்கள் வரிசையில் ஓய்வுபெற்ற கணித மாஸ்டர் ஒருவர் இருந்தார். முகாமுக்குள் பாடசாலை ஒழுங்காகத் தொடங்க முன்னரே அவர் கூடாரத்து நிழலில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டார். கொப்பி, பென்சில் ஒன்றும் இல்லை. மண்ணைத் தட்டிச் சமப்படுத்திக் குச்சியால் பின்னக் கணக்கு எழுதுவார். பிள்ளை பக்கத்தில் விடை எழுதும். சரியென்றால் உள்ளங்கையால் அழித்துவிட்டு அடுத்த கணக்கு. பிழையென்றால் அழிக்க மாட்டார், பிள்ளையே பிழையைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் பேசாமல் இருப்பார். அந்த வருசம் ஆவணியில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முகாமுக்குள்ளேயே நடந்தபோது, மண்ணில் படித்த அந்தப் பிள்ளைகளும் போய் எழுதினார்கள்.

ஒருநாள் அம்மா அவரிடம், "மாஸ்டர், உங்களுக்குப் பெரிய புண்ணியம் கிடைக்கும்" என்றார்.

"புண்ணியமோ? சும்மா இருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும் பிள்ளை. இதுகள் வந்து இருக்கிற நேரம் மட்டும்தான் நான் ஒண்டையும் நினைக்காமல் இருக்கிறன்."

என்னத்தை நினைக்காமல் என்று அந்த நேரத்தில் அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

சுயநலம் என்று சொன்னால் அவருடையது முழுச் சுயநலம். பிள்ளைகளுக்குப் போன கணக்கில் அதனால் ஒன்றும் குறையவில்லை. தனக்குத் தேவை என்பதால்தான் அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை என்றும் சொல்லலாம். வெளியிலிருந்து பரிதாபப்பட்டு வந்தவர்கள் கொஞ்ச நாளில் களைத்துப் போனார்கள். பரிதாபத்துக்கு அவ்வளவுதான் மூச்சு. ஆள் சேர்க்கிறபோது "பாவம், பார்க்கவே ஏலாமல் கிடக்கு" என்று கண் கலங்குபவரை விட, "வீட்டில சும்மா இருக்க அலுப்பாய் இருக்கு" என்று சொல்பவரை நான் நம்புவது இதனால்தான்.

மீள்குடியேறி ஊருக்கு வந்தபோது கூரையில்லாத கட்டிடங்களிலும் மரத்தடியிலும் பாடசாலைகள் நடந்தன. ஆசிரியர்கள் போதாது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த எங்களை அதிபர்கள் கூப்பிட்டார்கள். சம்பளம் கிடையாது, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இயன்றால் ஏதாவது தரும். வடக்கில் இப்படி வருடக்கணக்காகப் படிப்பித்தவர்கள்தான் தொண்டர் ஆசிரியர்கள். எல்லோருக்கும் மனதுக்குள் இருந்த கணக்கு ஒன்றே: என்றைக்காவது நிரந்தர நியமனம் வரும். சிலருக்கு வந்தது. சிலர் நியமனம் கேட்டு வீதியில் போராட்டம் இருந்தார்கள். சிலர் என்னைப் போல இடையில் விட்டுவிட்டு வேறு வேலை தேடிப் போனார்கள். எனக்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது.

"நியமனத்துக்காகத்தானே நிக்கினம், இதென்ன தொண்டு?" என்று கதைத்தவர்கள் அநேகமாக மாதச் சம்பளக்காரர்கள். நியமனத்தை நினைத்துக்கொண்டு படிப்பித்தால் பெருக்கல் வாய்ப்பாடு மாறியா போகும்? பிள்ளைக்கு வாய்ப்பாடு வந்தால் சரி.

ஆனால் எங்கள் லாபமும் பிள்ளைகளின் தேவையும் ஓர் இடத்தில் பிரிந்தன. எங்கள் எல்லோருக்கும் சாதாரண தரப் பரீட்சை எழுதும் ஓ.எல். வகுப்புத்தான் வேண்டியிருந்தது. பெறுபேறு நல்லதாக வந்தால் பெயர் வரும், அதிபரின் கடிதம் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். தேவையோ கீழ் வகுப்புகளில் கிடந்தது. 2008, 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே படிப்பை விட்ட பிள்ளைகளை வயதைப் பார்த்து வகுப்பில் ஏற்றியிருந்தார்கள். தரம் 7இல் ஒரு பொடியன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கரும்பலகையில் உள்ளதை ஒரு குற்று விடாமல் கொப்பியில் இறக்கிவிடுவான். நான் ஒருநாள் அவன் எழுதியதை அவனையே வாசிக்கச் சொன்னேன். கொப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கால் பெருவிரலால் நிலத்தைக் கிண்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது. எழுத்துகளைச் சித்திரம் கீறுவதுபோலப் பார்த்துப் பார்த்துக் கீறியிருக்கிறான். அவ்வளவு வடிவான கொப்பிக்கு எல்லோரும் சரி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள், நான் உட்பட.

இவனை இருத்தி எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழக்கினால் அது எந்தப் பெறுபேற்றுப் பட்டியலிலும் வராது. ஆகவே ஒருவரும் முன்வரவில்லை. அதிபர் எங்களுக்குத் தியாகத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்திருக்கலாம். அவர் கெட்டிக்காரர், வைக்கவில்லை. "வாசிக்கத் தெரியாத பிள்ளையளுக்குக் கிழமையில ரெண்டு பாடவேளை எடுக்கிற ஆக்களின்ர பேரைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில பதிவன்" என்று மட்டும் சொன்னார். தொண்டராக இருந்ததைப் பின்னாளில் நிரூபிக்க, பாடசாலை நடப்புகளை எழுதி வைக்கும் அந்தப் புத்தகத்தின் பதிவு எவ்வளவு பெறுமதி என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த கிழமை அந்தப் பிள்ளைகளை எடுக்கப் போட்டி. நானும் போட்டியில் நின்றேன். அந்தப் பொடியன் வருசம் முடிய முன்னர் கடைப் பெயர்ப் பலகைகளை எல்லாம் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டு வீதியால் போகிறவனாகிவிட்டான்.

தொண்டர்களை வைத்து வேலை செய்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது அந்த அதிபர் செய்ததைத்தான். ஆட்களின் ஆசையைத் திருத்தப் போகாதீர்கள், அது முடிகிற காரியமில்லை. தேவை எங்கே இருக்கிறதோ அந்த இடத்தில் பாராட்டையும் பதிவையும் கொண்டுபோய் வையுங்கள். தொண்டராகப் போகிறவருக்கும் ஒன்று: வேலை வாய்ப்பை நினைத்துத்தான் போகிறீர்கள் என்றால் முதல் நாளே திகதியோடு கடிதம் வாங்கி ஒரு பிரதி வீட்டில் வைத்திருங்கள், வரவு இடாப்பில் கையெழுத்துப் போடுங்கள். "பிறகு பாப்பம்" என்று வாய்ப்பேச்சில் இருந்தவர்கள், கூப்பிட்ட அதிபர் இடமாறிப் போனதும் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் நின்றதை எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன்.

எங்கள் லாபமும் மற்றவரின் தேவையும் பிரிவது வெள்ளத்தில் இன்னும் பச்சையாகத் தெரியும். 2018 டிசம்பர் கடைசியில் பெய்த மழைக்கு இரணைமடுக் குளத்தின் 14 வான்கதவுகளும் திறபட, பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கமெல்லாம் தண்ணீர். சனம் பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் ஏறியிருந்தது. முதல் நாட்களில் சமைத்த சாப்பாடுதான் உயிர், அதைக் கொண்டுவந்தவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். பிறகு பார்த்தால் ஒரே மத்தியானத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வான், வவுனியாவிலிருந்து ஒன்று, இடையில் கழகம் ஒன்றின் ட்ரக். எல்லாவற்றிலும் சோற்றுப் பார்சல். நான் வாசலில் இருப்புப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன், கூட்டுறவுச் சங்கப் பழக்கம். பின்னேரம் பார்சல் புளிக்கத் தொடங்கியது. "நாளைக்குச் சாப்பாடு வேண்டாம் அண்ணை, பெண்களுக்கு நாப்கினும் உள்ளுடுப்பும் கொண்டு வாங்கோ" என்று ஒரு வான்காரரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். சோறு கொடுப்பதைப் படம் பிடிக்கலாம், இதை எப்படிப் பிடிப்பது? அவர் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் மறுநாளும் அவர் வானில் வந்தது சோறு.

தண்ணீர் வற்றிச் சனம் வீடு திரும்பியபோதுதான் பெரிய வேலை தொடங்கியது. கிணறுகள். மலசலகூடக் குழி நிரம்பி வழிந்த தண்ணீரும் செத்த கோழியும் எல்லாம் அதற்குள்தான். கிணறு இறைக்க ஆள் வேண்டும் என்று கேட்டால், "அதுக்கு என்ன பொருள் குடுக்கலாம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். பொருள் வேண்டாம், சேற்றில் இறங்க ஆள்தான் வேண்டும். வான்கள் அதற்குள் குறைந்துவிட்டன. கடைசியில் நின்றது எங்கள் ஆட்டோத் தரிப்பிடப் பொடியன்களும் ஒரு விளையாட்டுக் கழகமும். அவர்களில் ஒருவரை, "நல்ல மனசு உங்களுக்கு" என்று நான் மெச்சப் போக, "என்ர வீட்டுக் கிணறு இந்த ஒழுங்கையிலதான் கிடக்கு. அதோட வீட்டில நிண்டா மனிசி சேறு கழுவச் சொல்லுவா, இஞ்ச எண்டா தேத்தண்ணியாவது வரும்" என்றார்.

கிணறு இறைக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. வெள்ளம் வற்றிய உடனேயே பம்பை இறக்கி அடிமட்டம் வரை இறைக்காதீர்கள். சுற்றி நிலத்தில் தண்ணீர் ஊறி நிற்கும்போது உள்ளே வெறுமையாக்கினால் கட்டு உள்நோக்கி இடிந்து விழலாம், இறைத்த தண்ணீரும் திரும்ப ஊறி வந்துவிடும். நிலத்துத் தண்ணீர் இறங்கும் வரை பொறுத்து, மிதக்கும் குப்பையை முதலில் அள்ளி, மெதுவாக இறைத்து, கட்டின் உட்பக்கத்தை உரஞ்சிக் கழுவி, பிறகு சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் குளோரின் போடுவிக்க வேண்டும். அவர் சரி என்று சொல்லும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தூரத்திலிருந்து உதவ விரும்புபவர், வெள்ளம் வற்றிய பிறகு சோற்றுப் பார்சலை விட்டுவிட்டு, பம்புக்கு எண்ணெய்க் காசு அனுப்பினால் அதன் பெறுமதி பத்து மடங்கு.

படம் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் நியாயமாகவும் பேச வேண்டும். எங்கள் பின்னேர வகுப்புக்கு வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் தன் மகளின் பிறந்தநாளுக்குக் கொப்பிகளும் புத்தகப் பைகளும் வாங்கக் காசு அனுப்பினார். மகளின் படம் போட்ட பனர் கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிற்பாட்டி, ஒவ்வொரு பையையும் கொடுக்கும்போது படம் எடுத்து அனுப்பச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் குரல் மாறியது.

"தங்கச்சி, இது நாங்கள் குளிருக்குள்ள இரவு வேலை செய்து அனுப்புற காசு. முந்தி ஒருத்தருக்கு அனுப்பி ஏமாந்தும் இருக்கிறன். ஆருக்குப் போச்சுது எண்டு நான் பாக்க வேண்டாமே?"

அவர் கேட்டது முழு நியாயம். அவருக்கு வேண்டியது நம்பிக்கை. பனரும் வரிசையும் அதற்கு அவர் அறிந்திருந்த ஒரே வழி. கடைப் பில், பொருட்களை மேசையில் அடுக்கி எடுத்த படம், பெற்றோர் கையெழுத்திட்ட பட்டியல், இவற்றை அனுப்புவதாகப் பேசி முடித்தோம். பிள்ளைகளின் முகம் இல்லை. "என்ர மோளின்ர பேராவது சொல்லுவியளோ?" என்று கேட்டார். சொன்னோம், பிள்ளைகள் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள், அந்தக் குரலைப் பதிந்து அனுப்பினோம். அந்தச் சிறுமிக்கு அது பிடித்துவிட்டதாம். பிள்ளைகளின் முகம் இல்லை என்று நாங்கள் சொன்னதும் வேறு ஊருக்குக் காசைத் திருப்பிய ஒருவரும் உண்டு. போகட்டும். முகம் தெரிய எடுத்த படத்தைப் பத்து வருசத்துக்குப் பிறகு பிள்ளையின் வகுப்புத் தோழன் தொலைபேசியில் தோண்டி எடுத்துச் சிரிப்பான், அதன் விலையைக் கொடுக்கப் போவது காசு அனுப்பியவர் இல்லை.

இரத்ததானத்தில் இது கொஞ்சம் வேறு மாதிரி. இலங்கையில் இரத்தத்துக்குக் காசு கொடுப்பதில்லை. 2014இலிருந்து முழுக்க முழுக்கத் தொண்டாகக் கொடுப்பவர்களின் இரத்தம்தான். எங்கள் பக்கத்தில் இறந்தவரின் நினைவு நாளுக்கு, கழகத்தின் ஆண்டு விழாவுக்கு, பிறந்தநாளுக்கு என்று முகாம் வைப்பார்கள். வருபவர்களில் சிலர் அண்ணனின் நினைவுக்காக வருவார்கள். சிலர் இரத்தத்தைச் சோதிப்பார்களே என்று வருவார்கள். கூட்டாளி இழுத்து வந்தவர்களும் உண்டு. கட்டிலில் கிடக்கும் நோயாளிக்கு இந்தக் காரணங்களால் ஒரு வித்தியாசமும் இல்லை. 18 முதல் 60 வயது, 50 கிலோ நிறை, கடைசியாகக் கொடுத்து நாலு மாதம், உடம்பில் போதிய இரும்பு, இவைதான் கேள்வி.

வித்தியாசம் வருவது பொய் சொல்லும்போது. வைத்தியர் தனியே கூப்பிட்டு, காய்ச்சல் இருந்ததா, மருந்து எடுக்கிறீர்களா, அண்மையில் பச்சை குத்தினீர்களா, இன்னும் அந்தரங்கமாகவும் சில கேட்பார். கூட்டாளிகள் எல்லோரும் கையில் பஞ்சோடு நின்று படம் எடுக்கும்போது, தான் மட்டும் திருப்பி அனுப்பப்பட்டவனாக நிற்க எந்த இளந்தாரிக்கும் விருப்பம் இருக்காது. எடுத்த இரத்தத்தைச் சோதிப்பார்கள்தான், இருந்தாலும் மிகப் புதிதாகத் தொற்றியதைச் சோதனை தவறவிடும் ஒரு சின்ன இடைவெளி உண்டு, அந்த இடைவெளியை மூடுவது கொடுப்பவரின் உண்மை மட்டும்தான். காசு கொடுத்து இரத்தம் வாங்கக் கூடாது என்பதற்கும் இது ஒரு பெரிய காரணம்: காசு வேண்டி வருபவரும் பொய் சொல்லக்கூடும். ஆகவே முகாம் வைப்பவர்களுக்கு ஒரு சின்ன யோசனை: குழுப்படத்தை ஊசிக்கு முன்னரே, எல்லோரும் வந்தவுடன் எடுத்துவிடுங்கள். குளிர்பானத்தையும் பிஸ்கட்டையும் திருப்பி அனுப்பப்பட்டவருக்கும் கொடுங்கள். பெயர் வாங்க வந்தவருக்குப் பெயர் கிடைத்துவிட்டது, இனிப் பொய் சொல்ல அவருக்குக் காரணம் இல்லை.

உதவி வாங்குபவரும் ஏதாவது கொடுக்கத்தான் விரும்புவார். எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையின் அம்மம்மா கிழமைக்கொருமுறை முருங்கைக்காய்க் கட்டு அல்லது ரெண்டு தேங்காய் கொண்டுவருவார். புதிதாக வந்த கம்பஸ் பொடியன் ஒருவன், "வேண்டாம் அம்மம்மா, நாங்கள் ஒண்டும் வாங்கிறதில்லை" என்று நல்லெண்ணத்தோடுதான் மறுத்தான். அம்மம்மா தேங்காயைத் திருப்பிக் கொண்டுபோனார், மறு கிழமை பிள்ளையும் வரவில்லை. நான் வீட்டுக்குப் போய், "கறிக்குத் தேங்காய் இல்லை அம்மம்மா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பிள்ளை என்னோடேயே வந்தது. எதையும் வாங்காத தொண்டர் மற்றவரை எப்போதும் கடனாளியாகவே வைத்திருக்கிறார். தான் மட்டும் கொடுப்பவராக இருப்பதிலும் ஒரு ருசி இருக்கிறது, அதுவும் லாபம்தான். அதைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

காசு விசயத்திலும் எங்களுக்கு இப்போது தெளிவு. பஸ் காசைக் கொடுத்துவிடுவோம். சல்லியும் கொடுக்காமல் நடத்தினால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே தொண்டராக வர முடியும், அவர்கள் எங்கள் பிள்ளைகளிடம் "ஏன் ரியூசனுக்குப் போகவில்லை?" என்று கேட்பார்கள். சான்றிதழ் வேண்டும் என்று வருபவரிடம், எந்தத் திகதியில் எதைச் செய்து முடித்தால் தருவோம் என்பதை எழுதியே கொடுத்துவிடுவோம்.

நாங்கள் மிகக் கறாராக இருப்பது போகிற திகதியில். கம்பஸ் விடுமுறைக்கு வந்து பிள்ளைகளோடு நல்லாக ஒட்டிக்கொண்டு, கம்பஸ் திறக்கும் அறிவிப்பு வந்ததும் ஒரே இரவில் காணாமல் போகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு அது ஒரு இனிய அனுபவம். இங்கே பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், ஏற்கெனவே ஆட்களைத் தொலைத்த வீடுகளின் பிள்ளைகள் வேறு. இப்போது யார் வந்தாலும் ஒரு தவணைக்கு மட்டும்தான். முதல் நாளே பிள்ளைகளுக்கு முன்னால், "இந்த அண்ணா இந்தத் தவணை முடியும் வரைக்கும் இருப்பார்" என்று சொல்லிவிடுவோம். தொடர விருப்பமென்றால் தவணை முடிவில் புதிதாகப் பேசிக்கொள்ளலாம். கடைசி நாள் அவர் தன் பாடத்தை எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்று கொப்பியில் எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அடுத்த தவணைக்கு ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் ஆள் வந்துவிட்டது. கணிதத்துக்கு இன்னும் இல்லை. பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கினால் ஐந்தரைக்கு முடியும், பரந்தனிலிருந்து வருவதென்றால் பஸ் காசு தருவோம், தேத்தண்ணியும் உண்டு. தேங்காயைத் தந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும்.